இரண்டு மொழி பேசினால் மறதிநோய் தள்ளிப்போகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்குத் தமிழ், தெலுங்கு இரண்டும் சரளமாக வரும். அப்படியானால் மறதிநோய் வராது என்று நிம்மதியாக இருக்கலாமா? (ஓசூர் வாசகர், வயது 67)

வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. வந்தாலும் அறிகுறிகள் தாமதமாகத் தலைகாட்டலாம் என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. கனடாவின் டொரன்டோ நகரில் எலன் பியலிஸ்டாக் குழுவினர், ஞாபகமறதிக்குச் சிகிச்சைக்கு வந்த 184 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மொழி புழங்கியவர்களுக்கு அறிகுறி சுமார் நான்கு ஆண்டு தள்ளித்தான் தொடங்கியிருந்தது.

உடனே எதிர்க்கேள்வி கிளம்பியது. அங்கே இருமொழிக்காரர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். நாடு விட்டு நாடு போய்ப் பிழைக்கும் தெம்புதான் அவர்களைக் காப்பாற்றியதோ என்னவோ?

அதற்கு நல்ல பதில் ஹைதராபாத்திலிருந்து வந்தது. அங்குள்ள நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஹைதராபாத்தில் தெலுங்கோடு உருதுவோ இந்தியோ பேச யாரும் குடிபெயர வேண்டியதில்லை, கடைத்தெருவுக்குப் போனாலே போதும். அங்கேயும் சுமார் நாலரை ஆண்டு வித்தியாசம் தெரிந்தது. மறதிநோயில் பரவலான வகையான அல்சைமர் மட்டுமல்ல, ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதிநோயிலும் இப்படித்தான்.

நோய் மூளையைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே அளவு தடுமாற்றம் உள்ள அல்சைமர் நோயாளிகளின் ஸ்கேனை ஒப்பிட்டபோது, இருமொழிக்காரர்களின் மூளையில் தேய்மானம் அதிகமாகவே இருந்தது. அவ்வளவு தேய்ந்தும் சமாளித்திருக்கிறார்கள். மெயின் ரோடு அடைபட்டாலும் சந்துபொந்து தெரிந்த ஆட்டோக்காரர் வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரி.

கேள்வி: அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் காய்கறி வியாபாரத்தில் மூன்று மொழி பேசுவார். இதெல்லாம் படித்தவர்களுக்குத்தானே பொருந்தும்? (கோவை வாசகி)

இல்லை. ஹைதராபாத் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே வித்தியாசம் இருந்தது. சான்றிதழ் கணக்கில் வரவில்லை, பேச்சுப்புழக்கம்தான் வந்தது. மூன்றாவது மொழியால் கூடுதல் லாபம் உண்டா என்றால், அந்த ஆய்வில் தெரியவில்லை. அதனால் அம்மா ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, வியாபாரம் என்னாவது!

கேள்வி: இதற்கு எதிரான ஆய்வே இல்லையா? (சென்னை வாசகர்)

இருக்கிறது. நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் ஸ்பானிஷ் பேசும் 1,067 முதியவர்களைச் சிலர் விஷயத்தில் 23 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2014இல் வந்த முடிவின்படி, ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குத் தொடக்கத்தில் நினைவாற்றல் நன்றாக இருந்தது. ஆனால் மறதிநோய் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுவதும், ஆரோக்கியமாக இருக்கும்போதிலிருந்தே பின்தொடர்வதும் ஒன்றல்ல. அதனால்தான் முதல் பதிலில் ‘தாமதமாகலாம்’ என்று நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: ஓய்வு பெற்றாயிற்று. இனிமேல் மலையாளம் கற்றால் பலன் உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

கற்றுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 1947இல், 11 வயதில் அறிவுத்திறன் சோதனை எழுதியவர்களை எழுபது வயதைத் தாண்டியதும் மறுபடி சோதித்தார்கள். இரண்டாவது மொழி கற்றிருந்தவர்கள், சிறுவயது மதிப்பெண்ணை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். பெரியவர்களான பிறகு கற்றவர்களிடமும் பலன் தெரிந்தது. அதற்காக அறுபதுக்கு மேல் கற்றால் இத்தனை ஆண்டு லாபம் என்று கணக்குப் போட முடியாது. மொபைல் ஆப்பில் பொத்தான் தட்டுவதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கும் மலையாளிகளிடம் தப்பும் தவறுமாகவாவது பேசுங்கள்.

கேள்வி: பெங்களூரில் நாற்பது வருடம் கன்னடம், ஆங்கிலம் பேசி வேலை பார்த்த அப்பா, மறதிநோய் வந்தபின் தமிழில் மட்டும்தான் பதில் சொல்கிறார். (பெங்களூர் வாசகி)

பலருக்கு இப்படி ஆகிறது. பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். அவரை ஆங்கிலத்துக்கு இழுத்துத் திருத்தாதீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதானால் தமிழ் பேசுபவராகத் தேடுங்கள். நினைவாற்றல் சோதனையையும் தமிழில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். வேறு மொழியில் நடத்தினால் நோய் இருப்பதைவிட முற்றியதாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: பேச்சு திடீரென, சில நிமிடங்களில் குழறினாலோ நின்றாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: மாமனாருக்கு 72 வயது. காது மந்தம், சர்க்கரையும் உண்டு. மூளைக்கு நல்லது என்று இந்தி வகுப்பில் சேர்க்கலாமா? (திருச்சி வாசகி)

முதலில் காதைப் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல், மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. ஒரே மொழி பேசுவது அதில் இல்லை. செவித்திறன் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் கருவி வாங்கி மாட்டுங்கள். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவருக்கே ஆசை இருந்தால் வகுப்பில் சேர்க்கலாம். எதிரில் பேசுவது காதில் விழாமல் எந்த மொழியைக் கற்பது?