சாம்பல் பெண்ணின் அப்பா எங்கே?

கேள்வி: சிண்ட்ரெல்லா கதையை 1850-களில், கல்குளம் பக்கத்துப் பனையேறிக் குடும்பத்தில் நடப்பதாக எழுதுகிறேன். சித்தி அவளைக் கருப்பட்டி அடுப்படியில் போட்டு வதைக்கிறாள். அப்பா முதல் வரியிலேயே பனையிலிருந்து விழுந்து இறந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. இளவரசனை யாராக்குவது? கண்ணாடிச் செருப்புக்குப் பதில் வெள்ளிச் செருப்பு வைக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: இளவரசன் கிடக்கட்டும். 'அந்தத் தொல்லை இல்லை' என்றீர்களே, அங்கேதான் கதை கெட்டது.

பனை ஏறியவர்கள் ஆண்கள். அப்பா செத்தால் அக்கானி (பதநீர்) யார் இறக்குவது? அக்கானி வராத வீட்டில் அடுப்பு ஏது, சாம்பல் ஏது? சித்தியே கூலிக்குப் போயிருப்பாள்.

அவரை உயிரோடு வையுங்கள். விடியுமுன் அருவாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்டுவார். சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகும், காய்ச்சினாலும் இறுகாது. இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பேற்றியாக வேண்டும். (நள்ளிரவு மணிக்குப் பதில் தேடி அலைய வேண்டாம், இதோ இருக்கிறது.) பொங்கி வழியாமல் இடித்த ஆமணக்கு விதை போட்டு, ஓலையும் மட்டையும் தள்ளி, பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றுகிறவள் உங்கள் பெண். கலயத்தை அவள் கையில் கொடுக்கிறவர் அப்பா. பாகு தெறித்த கொப்புளம் அவர் கண்ணில் படாமலா இருக்கும்?

அதை எழுதக் கூசித்தான் ஆளையே கொன்றுவிட்டீர்கள். பழைய கதைக்கு அந்தக் கூச்சம் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதியதில் அப்பா மனைவிக்கு அடங்கி உயிரோடுதான் இருக்கிறார். கிரிம் சகோதரர்களின் கதையில், வேறு பெண் இல்லையா என்று இளவரசன் கேட்க, 'மூத்தவள் விட்டுப்போன அழுக்குப்பிள்ளை ஒன்று உண்டு, அவளாக இருக்காது' என்கிறார் பெற்ற அப்பனே! உங்கள் கதையிலும் அப்பா வாயைத் திறக்காத வீட்டில் சித்தியை மட்டும் ராட்சசியாக்குவது பித்தலாட்டம். வரியும் சம்பளமில்லா ஊழியமும் அவரை ஒடித்தன, எழுதுங்கள். அதைச் சொல்லி அவரைத் தப்பவிடாதீர்கள். பிள்ளைக்காகப் பேசாதவனுக்கு அப்பன் என்ற பேர் எதற்கு?

செருப்பு வேண்டாம். பனையேறும் அந்தச் சாதிக்கு அன்று செருப்பு, குடை, பொன்நகை மூன்றுமே விலக்கு. தோள்சீலையை வையுங்கள்: மார்பையும் தோளையும் மூடும் அந்தத் துணி அந்தச் சாதிப் பெண்களுக்குத் தடை. திருவிதாங்கூர் அரசின் 1829 அறிவிப்பு அவர்களில் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை (மேல்சட்டையை) மட்டும் விட்டது. 1859 ஜூலையில்தான் மற்றவர்களுக்கும் தடை தளர்ந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு முந்தைய கலவரத்தில் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள். கதையை 1858 மார்கழிக்குத் தள்ளுங்கள். அப்போது அக்கானி கிடையாது, பரணில் வைத்த கருப்பட்டியைத்தான் அப்பாவும் மகளும் சந்தைக்குச் சுமப்பார்கள். அங்கே ஒருவன் அவள் சீலையில் கை வைக்கும்போது அப்பா என்ன செய்கிறார்? முதலில் அதை எழுதி அனுப்புங்கள், இளவரசனை அப்புறம் பார்ப்போம்.