ஈராக்கில் நடந்தது உள்நாட்டுப் போரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈராக் பற்றிய உங்கள் கட்டுரையில் 2006-07 காலகட்டத்தை 'உள்நாட்டுப் போர்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். எனக்கு அதில் இரண்டு ஆட்சேபணைகள்.

ஒன்று, அங்கே இரண்டு ராணுவங்கள் எதிரெதிரே நிற்கவில்லை. போட்டி அரசாங்கம் எதுவும் இல்லை. தேர்தல் நடந்து, நாடாளுமன்றம் கூடி, எல்லாத் தரப்பும் இடம்பெற்ற மந்திரிசபையே இருந்தது. குண்டு வைப்பதும் ஆள் கடத்துவதும் போர் ஆகுமா?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்கா படையெடுத்திருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. உள்நாட்டுப் போர் என்றதும் பழி முழுக்க ஈராக்கியர் தலையில் விழுகிறது. ஷியாவும் சன்னியும் ஆயிரம் வருஷமாக அடித்துக்கொள்கிறவர்கள், பாவம் அமெரிக்கா நடுவில் மாட்டிக்கொண்டது என்று ஆகிவிடுகிறது. ஆக்கிரமிப்பு என்று நேராகச் சொல்ல என்ன தயக்கம்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் ஆட்சேபணையை 2006-லேயே வெள்ளை மாளிகை சொல்லிவிட்டது. தெளிவான இரண்டு படைகள் இல்லை, வன்முறை பெரும்பாலும் பாக்தாதைச் சுற்றித்தான் நடக்கிறது, ஈராக் பிரதமரே அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, தேசிய ஒற்றுமை அரசாங்கம் இருக்கிறது. கிட்டத்தட்ட உங்கள் கடிதத்தின் முதல் பாதி. ஆக்கிரமிப்பை எதிர்க்கிற நீங்களும் ஜார்ஜ் புஷ்ஷும் இந்த விஷயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சீண்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் இரண்டாவது ஆட்சேபணைக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2006 பிப்ரவரி 22 காலையில் சமாரா நகரில் ஷியாக்களின் பத்தாவது, பதினோராவது இமாம்கள் அடக்கமாகியிருக்கும் அஸ்கரி மசூதியின் தங்கக் கும்மட்டத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்பும் கொலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அன்றிலிருந்து பாக்தாதில் தினமும் காலையில் தெருவோரத்தில் கை கட்டப்பட்ட பிணங்கள் கிடப்பது வழக்கமாகிப்போனது. ஒரு மாதத்துக்குள் முன்னாள் பிரதமர் அயத் அல்லாவி பிபிசியிடம் பேசினார். ஒரு நாளைக்கு 50, 60 பேர் சாகிறார்கள், இது உள்நாட்டுப் போர் இல்லையென்றால் எது உள்நாட்டுப் போர் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்றார். அல்லாவி அப்போது பதவியில் இல்லை, அவருக்கும் அரசியல் கணக்கு இருந்திருக்கும். ஆனாலும் அந்த எண்ணிக்கை மிகையில்லை. அந்த வருஷம் முழுக்கக் கொல்லப்பட்ட பொதுமக்கள் 34,452 பேர் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. ஈராக் அரசு அதை ஏற்கவில்லை.

ஒரே நாட்டுக்குள், அந்த அரசும் அதை எதிர்க்கிற ஆயுதக் குழுக்களும் அதிகாரத்துக்காக மோதி, வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் செத்தால் உள்நாட்டுப் போர். அரசியல் ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஏறக்குறைய இதுதான். சாவு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஒருதலைப்பட்சமான படுகொலை கணக்கில் சேராது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபியரன் 2006 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் இதைத்தான் சொன்னார்: எங்கள் துறையின் அளவுகோல்படி இது உள்நாட்டுப் போர்தான். தலைப்பாகையும் துப்பாக்கியுமாகத் திரிகிறவர்கள் சீருடை போட்டுக்கொண்டு மைதானத்தில் அணிவகுத்தால்தான் போர் என்றால், லெபனானில் 1975-லிருந்து 15 வருஷம் நடந்ததையும் போர்க்கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். அமெரிக்கர்கள் மனதில் உள்நாட்டுப் போர் என்றால் 1861-65-ல் அவர்கள் நாட்டில் வடக்கும் தெற்கும் மோதியதுபோல, நீலச் சட்டையும் சாம்பல் சட்டையும் அணிந்த இரண்டு படைகள்தான். அது அவர்கள் ஊர்ப் படம். நாம் ஏன் அதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்?

எல்லாத் தரப்பும் இருந்த மந்திரிசபை என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 2006 நவம்பர் 14 அன்று, பாக்தாதின் கராதா பகுதியில் இருந்த உயர்கல்வி அமைச்சகக் கட்டடத்துக்குப் பட்டப்பகலில் வரிசையாக வண்டிகள் வந்தன. இறங்கியவர்கள் போலீஸ் கமாண்டோ சீருடையில் இருந்தார்கள். ஆண்களைத் தனியாகப் பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உயர்கல்வி அமைச்சர் சன்னி. போலீஸை வைத்திருந்த உள்துறை ஷியாக் கட்சிகளின் கையில். எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதில்கூட ஒரே மந்திரிசபையில் இருந்தவர்களின் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. சுகாதாரத் துறை, சொந்த ஆயுதப்படை வைத்திருந்த ஷியா மதகுரு முக்ததா அல் சதரின் ஆட்கள் கையில் இருந்ததால், சன்னிகள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். சவக்கிடங்குக்கு உறவினர் உடலை வாங்கப் போனவர்களே கடத்தப்பட்டார்கள். அரசு ஒரு தரப்பு, கலகக்காரர்கள் மறு தரப்பு என்ற சூத்திரம் இங்கே பொருந்தாது என்பது உண்மைதான். அரசாங்கமே உள்ளுக்குள் பிளந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதனால் அது உள்நாட்டுப் போர் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

அதே வருஷம் ஜூலை 9 அன்று ஹய் அல் ஜிஹாத் என்ற பகுதியில் ஆயுதம் தாங்கியவர்கள் தெருவை மறித்து, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, சன்னிகளை மட்டும் தனியே நிறுத்திச் சுட்டார்கள். பேர்தான் பிரச்சினை. உமர் என்று பேர் இருந்தால் சன்னி. அப்துல் ஹுசைன் என்றால் ஷியா. பாக்தாதில் அன்று நிறையப் பேர் இரண்டு அட்டை வைத்திருந்தார்கள், ஒன்று நிஜம், ஒன்று போலி. எந்தச் சோதனைச் சாவடியில் எந்த அட்டையை நீட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். சாவடியில் நிற்பது யார் ஆள் என்று தப்பாகக் கணித்தால் போச்சு. இப்படி வாழ்ந்தவர்களிடம் போய் இது போர் இல்லை, வெறும் குண்டுவெடிப்புகள்தான் என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உள்நாட்டுப் போர் என்றால் அமெரிக்கா தப்பித்துக்கொள்கிறது என்பது உங்கள் கவலை. அப்படியானால் அந்தச் சொல்லை முதலில் ஓடி வந்து எடுத்திருக்க வேண்டியது அமெரிக்க அரசுதானே? அவர்கள்தான் 2006 முழுக்க அதை வாயில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, இனிமேல் நாங்கள் உள்நாட்டுப் போர் என்றே சொல்வோம் என்று அறிவித்ததும் வெள்ளை மாளிகை உடனே மறுத்தது. வெளியுறவு அமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த காலின் பவல் அதே வாரத்தில் அப்படிச் சொல்லலாம் என்றார். பதவியில் இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

காரணம் அந்த ஆகஸ்டிலேயே வெளியே வந்துவிட்டது. மத்தியக் கிழக்கில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜான் அபிசைத் செனட் குழுவின் முன்னால், நான் பார்த்ததிலேயே இதுதான் மோசமான மதப்பிரிவு வன்முறை, இது உள்நாட்டுப் போராக மாறக்கூடும் என்றார். அந்தக் குழுவின் தலைவர் ஜான் வார்னர். புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர், பழைய கடற்படைக்காரர். முழு உள்நாட்டுப் போர் என்று ஆகிவிட்டால் நாம் 2002-ல் கொடுத்த அனுமதி அதற்குச் செல்லுமா, அதிபர் மறுபடி நம்மிடம் வர வேண்டுமா என்று ஆராய வேண்டும் என்றார் அவர். 2002 அக்டோபர் தீர்மானம் சதாம் உசேனின் ஈராக்கால் வரும் ஆபத்தைத் தடுப்பதற்காக. சதாம் பிடிபட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. இப்போது இரண்டு தரப்பு சண்டை போடுகிறது என்று ஒத்துக்கொண்டால், நீ எந்தத் தரப்பு என்ற கேள்வி வரும். நடுநிலை என்றால் உன் சிப்பாய் அங்கே எதற்கு என்ற கேள்வியும் வரும். அந்தச் சொல்லை உச்சரித்தால் சட்டமும் ஓட்டும் இரண்டும் ஆட்டம் காணும். அதுதான் பயம்.

இது அமெரிக்காவின் கண்டுபிடிப்பும் இல்லை. 1948-ல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு தொடங்கிய சண்டையை பிரிட்டிஷ்காரர்கள் 12 வருஷம் 'அவசரகாலம்' என்றே நடத்தினார்கள். போர் என்றால் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு தராது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களுக்கும் அது அவசரகாலம்தான். பிரான்ஸ் அல்ஜீரியாவில் எட்டு வருஷம் போரிட்டது. அதைப் போர் என்று அதன் நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டது 1999-ல்.

உங்கள் சந்தேகத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. 2006 கடைசியில் அமெரிக்க எதிர்க்கட்சிக்காரர்கள் பலர் அந்தச் சொல்லை ஆசையாகப் பிடித்துக்கொண்டார்கள். 'அவர்கள் சண்டை, நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்' என்பதுதான் அதன் உட்பொருள். வீட்டைக் கொளுத்தியவனே உள்ளே இருக்கிறவர்களுக்குள் தகராறு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது மாதிரி. 2003 மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர், சதாமின் பாத் கட்சிக்காரர்களை வேலையிலிருந்து விலக்கி, ராணுவத்தைக் கலைத்து, லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்களைச் சம்பளமில்லாமல் தெருவில் விட்டார். ஜூலையில் அமைத்த ஆளுங்குழுவில் 25 இடங்கள்: 13 ஷியா, 5 சன்னி அரபு, 5 குர்து, ஒரு துர்க்மேன், ஓர் அசிரியர். மதப்பிரிவும் இனமும் பார்த்துப் பதவி பிரிக்கும் அந்த வழக்கம் அன்று தொடங்கியது. பின்னால் அமைச்சகங்கள் கட்சிகளின் கோட்டைகளானது அதன் தொடர்ச்சி. ஆயிரம் வருஷப் பகை என்பது சுத்தப் பொய். பாக்தாதில் கலப்புத் திருமணங்கள் சாதாரணம், ஒரே கோத்திரத்தில் இரண்டு பிரிவும் உண்டு. உள்நாட்டுப் போர் என்று சொல்வதால் இதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆக்கிரமிப்பு அதை உண்டாக்கியது, அதற்கப்புறம் அது தன் காலில் ஓடியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்.

ஈராக்கியர்களும் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பது சரிதான். பிரதமர் மாலிகி தவிர்த்ததற்குக் காரணம் பதவி. சாதாரண மக்கள் தவிர்த்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரன். சொல்லிவிட்டால் அவனோடு இனி வாழ முடியாது. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் தூரத்திலிருந்து எழுதுகிற நமக்கு அந்தச் சலுகை இல்லை.

நான் ஏன் விடாமல் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன் என்று கேட்டால், அது இல்லாமல் 2007 புரியாது. எல்லோரும் எதிர்பார்த்தது என்ன? உள்நாட்டுப் போர் என்ற பேர் நிலைத்துவிட்டால் அமெரிக்கா வெளியேறும் என்று அந்தப் பேரை ஆதரித்தவர்களும் நம்பினார்கள், எதிர்த்தவர்களும் நம்பினார்கள். 2007 ஜனவரியில் அமெரிக்க உளவு அமைப்புகளின் மதிப்பீடே, மோதலின் முக்கியமான அம்சங்களை உள்நாட்டுப் போர் என்பது சரியாகவே குறிக்கிறது, ஆனால் முழுச் சிக்கலையும் அது சொல்லவில்லை என்று எழுதியது. ஆனால் வெளியேறுவதற்குப் பதில், அதே ஜனவரியில் புஷ் 20,000-க்கும் மேற்பட்ட கூடுதல் துருப்புகளை அறிவித்தார், பெரும்பகுதி பாக்தாதுக்கு. அந்த வருஷக் கடைசியில் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவில் அதை அந்தத் துருப்புகளின் வெற்றி என்றார்கள். மேற்கே அன்பார் மாகாணத்துச் சன்னி கோத்திரங்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியது, ஆகஸ்டில் சதர் தன் படையை நிறுத்தி வைத்தது, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் அதற்குள் பாக்தாதின் கலப்புத் தெருக்களில் பெரும்பாலானவை பிரிந்து முடிந்திருந்தன. சன்னிகள் வாழ்ந்த அதாமியா பகுதியைச் சுற்றி கான்கிரீட் சுவரே எழும்பியது. சுமார் 20 லட்சம் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். கொல்வதற்கு ஆள் எட்டாத நிலை வந்த பிறகு கொலை குறைந்தது. ஷியா தரப்பு தலைநகரை ஜெயித்துவிட்டது, சன்னி தரப்பு தோற்றது. வெறும் வன்முறை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஜெயிப்பும் தோற்பும் கண்ணில் படாது. 2014 ஜூனில் வடக்கே மோசுல் நகரம் சில நாட்களில் ஐஎஸ் என்ற சன்னித் தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தபோது, அங்கிருந்த சன்னிகளில் பலர் ஏன் அரசுப் படைக்காக ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை என்று வெறும் வன்முறை என்றவர்கள் திகைத்து நின்றது அதனால்தான்.