உயிர்காப்புப் படகும் விமானத்தின் எடைக் கணக்கும்

கேள்வி: எங்கள் அப்துல்லாபுரம் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானங்கள் பறக்கும் நாளை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன். தீயணைப்பான், மிதவைச் சட்டை, காற்றடைக்கும் உயிர்காப்புப் படகு ஆகியவையும் விமானத்தின் எடைக் கணக்கில் சேருமா? சில கிலோ பொருளால் என்ன மாறிவிடப் போகிறது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டாயம் சேரும். நிலையாகப் பொருத்தப்பட்ட தீயணைப்பான், விபத்து நேர்ந்தால் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசரகால டிரான்ஸ்மிட்டர் போன்றவை ஆளும் சரக்கும் ஏறுமுன் விமானத்துக்கு உள்ள வெற்று எடையிலேயே அடங்கியிருக்கும்; அவற்றுள் ஒன்றைக் கழற்றினாலும் புதிதாக ஒன்றைப் பொருத்தினாலும் எடைப் பதிவேட்டைத் திருத்தியாக வேண்டும். தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் படகு போன்றவற்றைப் பயணிகளின் பெட்டிகளைப் போலவே ஒவ்வொரு முறையும் தனியாகக் கூட்ட வேண்டும்.

ஆனால் எத்தனை கிலோ என்பதோடு கணக்கு முடிவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதும் சம அளவு முக்கியம். நம் வட ஆர்க்காட்டுக் கிணறுகளில் அந்நாளில் ஏற்ற மரத்தின்மேல் நடந்தவர் இரண்டடி முன்னே வைத்ததும் மரம் சாய்ந்தது, அவருடைய எடை கூடியதால் அன்று. எனவேதான் ஒவ்வொரு பொருளின் எடையையும், குறிப்பிட்ட ஓர் ஆதாரப் புள்ளியிலிருந்து அது இருக்கும் தொலைவால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்து, விமானத்தின் முழு எடையும் சமன்படும் புள்ளியான ஈர்ப்பு மையத்தைக் கண்டறிகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: 1,000 கிலோ எடையுள்ள நான்கு இருக்கை விமானத்தின் ஈர்ப்பு மையம் ஆதாரப் புள்ளியிலிருந்து 1 மீட்டரில் இருக்கட்டும். 15 கிலோ படகை 2.4 மீட்டரில் உள்ள பின்பக்கச் சரக்கறையில் வைத்தால், (1,000 × 1) + (15 × 2.4) = 1,036; அதை 1,015-ஆல் வகுக்க, மையம் ஏறத்தாழ 2 செ.மீ. பின்னுக்கு நகர்கிறது. அதே படகைப் பின் இருக்கையில், 1.85 மீட்டரில் கட்டி வைத்தால் நகர்வு ஒன்றேகால் செ.மீ. மட்டுமே. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் முழு எடையில் மையம் நகர அனுமதிக்கப்படும் இடைவெளி முழுவதுமே ஒரு சாணுக்கு மேற்படாது என்பதால், 2 செ.மீ. அற்பமானதன்று. மையம் பின் எல்லையைத் தாண்டினால், வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நேரத்தில் மூக்கைத் தாழ்த்தி விமானத்தை மீட்பது கடினமாகிவிடும். மிகவும் முன்னே போனாலோ தரையிறங்கும்போது மூக்கை உயர்த்துவது சிரமம்.

எடை உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், 15 கிலோ படகுக்காக ஏறத்தாழ 20 லிட்டர் எரிபொருளைக் குறைக்க நேரலாம். அப்போதும் கடல்மேல் பறப்பவர் பெட்டிகளை இறக்கலாம், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். படகை மட்டும் விட்டுச் செல்லக் கூடாது.