கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்: கட்டாரிலிருந்து ஒரு பொலிஸ் சான்றிதழ்

கேள்வி: ஐயா, நான் தாதியாக வேலை செய்கிறேன். அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் அடிப்படையில் விண்ணப்பித்து, அதில் கணவரையும் சேர்த்திருக்கிறேன். அவர் 2017 முதல் 2021 வரை கட்டாரில் மேசன் வேலை செய்தவர். இப்போது கட்டார் பொலிஸ் சான்றிதழ் கேட்டு, 28 நாள் தவணையோடு கடிதம் வந்திருக்கிறது. கட்டார் அடையாள அட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. “நாட்டை விட்டே வந்தாச்சு, இனி யார் தரப்போறாங்கள்?” என்கிறார் இவர். ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கொடுக்க வேண்டாம், பிள்ளை. நான் கொடுத்து ஏமாந்தவன். தோஹாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஏழு வருடம் ரைம் கீப்பராக இருந்துவிட்டு 2013இல் ஊருக்கு வந்தேன். பிறகு மகள் கூப்பிட்டபோது எனக்கும் இதே கடதாசி தேவைப்பட்டது. கொழும்பில் ஒருவர் காசை வாங்கிக்கொண்டு, “அடுத்த கிழமை வரும்” என்று எட்டு மாதம் சொன்னார். அப்புறம் போனையும் எடுக்கவில்லை. கடைசியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மட்டக்களப்புப் பொடியன்தான் அரைநாள் லீவு போட்டு, அங்கே அலுவலகத்துக்குப் போய் வாங்கி அனுப்பினான். (நான் பிறகு மகளிடம் போகவில்லை, அது வேறு கதை.)

கணவரின் கேள்விக்கு வருகிறேன். கடந்த 10 வருடத்துக்குள், 16 வயதுக்குப் பிறகு, எந்த நாட்டிலாவது மொத்தம் 12 மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டின் சான்றிதழை அவுஸ்திரேலியா கேட்கும். இடையில் லீவில் வந்து போயிருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆகவே தப்ப வழியில்லை. ஆனால் நாட்டை விட்டு வந்தவர்களுக்கும் கட்டார் தருகிறது.

அட்டை இல்லாவிட்டால் அதன் இலக்கமாவது வேண்டும். 11 எண் கொண்டது. முதல் எண் பிறந்த நூற்றாண்டைக் குறிக்கும். 1900களில் பிறந்தவருக்கு 2. அடுத்த இரண்டு எண்கள் பிறந்த வருடம். அதற்குப் பின்னால் நாட்டுக் குறி, இலங்கைக்கு 144. கணவர் 1985இல் பிறந்தவரென்றால் அவருடைய இலக்கம் 285144 என்றுதான் தொடங்கும். சம்பளத் துண்டு, அங்கத்தைய ஆஸ்பத்திரி அட்டை, பாங்க் கடதாசி, உங்களுக்குக் காசு அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் விரித்துவைத்து அந்த ஆறு எண்களைத் தேடுங்கள். காசு அனுப்பிய ரசீதுகளை எறியாமல் அலுமாரிக்குள் ஷொப்பிங் பையில் கட்டிவைக்கிற பழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு. நீங்களும் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே பாவித்த பழைய பாஸ்போட்டையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கைரேகை. கட்டாருக்கு அனுப்பும் கடதாசிகளோடு, இங்கே எடுத்து பொலிஸ் முத்திரை குத்திய கைரேகைத் தாளும் போகவேண்டும். உங்கள் கணவருக்குச் சிக்கல் வருமென்றால் இங்கேதான் வரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மேசனுக்குப் பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தார்கள். கடதாசியைப் பார்த்தால் பத்துக் கறுத்தப் பொட்டு, கோடு ஒன்றுமே இல்லை. சீமெந்து தோலை அரித்து ரேகையைத் தேய்த்துவிடும். அந்த மனுஷன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் சுவரிலை போயிட்டுது” என்று சிரித்தார். இரண்டு கிழமை சீமெந்தைத் தொடாமல் இருந்து, இரவில் தேங்காய் எண்ணெய் பூசி, திரும்பப் போனபோது ரேகை விழுந்தது. போகிற அன்று மட்டும் எண்ணெய் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் போகவேண்டும். உங்கள் கணவரையும் இன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பொலிஸ் முத்திரையோடு கைரேகைத் தாள் கைக்கு வந்ததும் வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி, அதற்குப் பிறகு கொழும்பில் கட்டார் தூதரகத்தின் அத்தாட்சி. வெளிநாட்டமைச்சுக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கொன்சியூலர் கிளை இருக்கிறது. இரவு பஸ் ஏறமுதல் அங்கே தாளைக் காட்டிக் கேளுங்கள். எல்லாம் முடிந்ததும், தோஹாவில் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, தாளோடு பாஸ்போட் பிரதி, படம், அடையாள இலக்கம் எல்லாவற்றையும் அனுப்பினால் அவர் அங்கே ஒப்படைத்து வாங்கலாம்.

பெயரையும் பாருங்கள். பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னால், அங்கத்தைய அட்டையில் பின்னால், அதிலும் ஒரு எழுத்துக் குறைவு. இது எங்கள் ஆட்களுக்கு வழமையான வியாதி. வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வையுங்கள்.

இதெல்லாம் 28 நாளில் முடியாது. அதற்காகப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். தவணை முடியமுதலே, என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுதி, ரசீதுகளையும் தூதரகக் கடிதங்களையும் படமெடுத்து, உங்கள் விண்ணப்பக் கணக்கில் ஏற்றி, கூடுதல் நாள் கேளுங்கள். ஒரு சொல்லும் எழுதாமல் தவணையை விட்டால்தான் வில்லங்கம்.

கேள்வி: லண்டனில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தேன். ஒன்லைனில் விண்ணப்பித்து பிரித்தானியப் பொலிஸ் சான்றிதழ் எடுத்தேன். அதில் ‘நோ ட்ரேஸ்’ என்று இருக்கிறது. நான் அங்கே இருந்ததற்கே தடயம் இல்லை என்கிறார்களா? அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
– வாசகர், சுன்னாகம்

பதில்: அம்மாவுக்குச் சோறு போடுங்கள், தம்பி. பொலிஸ் கணினியில் உங்கள் பேரில் குற்றப் பதிவு ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் கருத்து. அதைவிட நல்ல பதில் அவர்களிடம் கிடையாது. ‘நோ லைவ் ட்ரேஸ்’ என்று வந்திருந்தால், பழைய பதிவு ஏதோ இருக்கிறது என்று பொருள். நடுவில் அந்த ஒரு சொல் இல்லைத்தானே?

கேள்வி: சண்டைக்குள் இந்தியாவுக்குப் போய், கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்து 2019இல் திரும்பினோம். மகளுக்கு இப்போது 28 வயது. கனடாவுக்கு விண்ணப்பிக்கிறாள். இந்தியப் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். அகதியாக இருந்தவர்களுக்கு அதைத் தருவார்களா?
– தாயார் ஒருவர், தெல்லிப்பழை

பதில்: கேளுங்கள் அக்கா. அகதியென்றாலும் மகள் அங்கே வாழ்ந்தவள்தானே. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள், தொடர்ச்சியாக 6 மாதம் இருந்த நாட்டின் சான்றிதழைக் கனடா கேட்பது வழமை. அந்த நாட்டை விட்டு வந்தபின் எடுத்ததாகவும் அது இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். முகாம் பதிவு அட்டை, திரும்பும்போது தந்த வெளியேறும் அனுமதிப் பத்திரம் இரண்டையும் கொண்டுபோங்கள். தயவுசெய்து அவற்றை லமினேற் செய்துவிடாதீர்கள், முத்திரை குத்த இடமிருக்காது. விசாரணை மகள் இருந்த ஊருக்குத்தான் போகும். ‘கும்மிடிப்பூண்டி முகாம்’ என்று மட்டும் எழுதினால் அங்கே யாரைப் போய்த் தேடுவார்கள்? அட்டையில் உள்ள குடும்பத் தலைவர் பெயர், வீட்டு இலக்கம், வந்த திகதி, போன திகதி எல்லாவற்றையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள்.