வாசகர் கேள்வி – பதில்: ரோமப் பேரரசர் ஜூலியன்

சென்ற இதழில் பேரரசர் கான்ஸ்டன்டைனைப் பற்றிய பதிலின் முடிவில், அவருடைய குடும்பத்திலேயே பிறந்து கிறித்தவத்தைக் கைவிட்ட ஜூலியனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மிகுதி என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கிறித்தவ அரச குடும்பத்தில் வளர்ந்தவர் பழைய தெய்வங்களிடம் ஏன் திரும்பினார்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அவர் வளர்ந்த விதத்தை அறிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். கான்ஸ்டன்டைன் கி.பி. 337ஆம் ஆண்டு மே மாதம் இறந்தார். அடுத்த சில மாதங்களுக்குள் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் அரச குடும்பத்து ஆண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். ஜூலியனின் தந்தையும் மூத்த அண்ணனும் அவர்களுள் அடக்கம். அப்போது ஐந்தாறு வயதே ஆகியிருந்த ஜூலியனும், அவரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவரான கால்லஸ் என்ற மற்றோர் அண்ணனும் மட்டும் உயிரோடு விடப்பட்டார்கள். விசாரணை ஏதுமின்றி நடந்த இக்கொலைகளுக்குத் தம் பெரியப்பா கான்ஸ்டன்டைனின் மகனான பேரரசர் கான்ஸ்டான்டியஸே பொறுப்பு என்று, ஏதென்ஸ் நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் ஜூலியன் வெளிப்படையாகவே குற்றம் சாட்டியிருக்கிறார். அந்தக் கான்ஸ்டான்டியஸ்தான் ஆயர் பேரவைகளைக் கூட்டி, கிறித்தவக் கோட்பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பக்திமான். தந்தையைக் கொன்றவரின் மதம் என்ற நினைப்பு ஒரு சிறுவனின் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆனால் வெறுப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதியாகும். தாயை மழலைப் பருவத்திலேயே இழந்த அவருக்கு, முன்னர் அந்தத் தாய்க்கே ஹோமரின் காவியங்களைக் கற்பித்திருந்த மார்டோனியஸ் என்ற முதியவர் ஆசிரியராக வாய்த்தார். பின்பு கப்பதோக்கியாவில் ஓர் அரச மாளிகையில், வெளியார் யாரும் அணுக முடியாத காவலில், ஆறு ஆண்டுகள் கழிந்தன. அந்தத் தனிமையில் நூல்களே அவருக்குத் துணையாயின. தமது இருபதாம் வயது வரை கிறித்தவ வழியில் நடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் எபேசு நகரத்துத் தத்துவ ஞானி மாக்சிமஸின் தொடர்பால் உள்ளம் முற்றிலும் மாறியது. மாறியதை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். 361ஆம் ஆண்டு ஜனவரியில்கூடத் கிறித்தவர்களின் திருக்காட்சிப் பெருவிழாவன்று அவர்களுடைய கோவிலுக்குச் சென்று வழிபட்டுத் திரும்பினார் என்று வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: தத்துவ மாணவராக இருந்தவர் போர்க்களத்தில் எப்படி வென்றார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 355ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், கான்ஸ்டான்டியஸ் அவரை மிலான் நகரில் சீசராக, அதாவது துணைப் பேரரசராக அறிவித்து, தம் தங்கை எலேனாவையும் மணமுடித்து வைத்து, கௌல் நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்சும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் அடங்கிய மாகாணத்துக்கு அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணன் கால்லஸ் அதே சீசர் பதவியில் இருந்து, அதே பேரரசரின் ஆணையால் தலை வெட்டப்பட்டிருந்தார். ஆகவே அது வாழ்த்துக்குரிய பதவியாக ஜூலியனுக்குத் தோன்றியிருக்க வழியில்லை.

ஏதென்ஸின் கல்விக்கூடத்திலிருந்து நேராகப் பாசறைக்கு வந்தவர், குழலிசைக்கு ஏற்ப அடியெடுத்து நடக்கும் படைப்பயிற்சியை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பயிற்சியின் நடுவே, "எருதின் முதுகில் பொதிச் சேணத்தை ஏற்றிவிட்டார்கள், இது நமக்குரிய சுமையன்று" என்ற பழமொழியைச் சொல்லி, பிளேட்டோவின் பெயரைக் கூவி அழைப்பாராம். அவர் என்ன உண்ண வேண்டும் என்பதைக்கூடப் பேரரசர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பட்டியலில் இருந்த உயர்ந்த இறைச்சி வகைகளை விலக்கிவிட்டு, சாதாரணப் படைவீரனுக்குக் கிடைக்கும் உணவையே அவர் உண்டார். இரவை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை உறக்கத்துக்கும், ஒரு பங்கை அரசுப் பணிக்கும், ஒரு பங்கைப் படிப்புக்கும் கொடுத்தார். 357ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் அருகே, 13,000 வீரர்களோடு அதைவிடப் பன்மடங்கு பெரிய, ஜெர்மானிய இனத்தவரான அலமன்னியரின் படையை எதிர்த்து வென்று, அவர்களுடைய மன்னன் க்னோடொமாரைச் சிறைப்பிடித்தார். வீரர்கள் அவரை நம்பினார்கள் என்பதே இதற்கு நாம் சொல்லக்கூடிய எளிய விளக்கம்.

என் மதிப்பீட்டில், அந்தப் போர் வெற்றியைவிடப் பெரியது அவருடைய வரி நிர்வாகம். அவர் வந்தபோது கௌல் நாட்டில் ஒரு வரி அலகுக்கு 25 பொற்காசுகள் வசூலிக்கப்பட்டன. அவர் புறப்பட்டபோது 7 பொற்காசுகளே எல்லா வகைக்குமாகக் கேட்கப்பட்டன. நிதியைக் கவனித்த உயரதிகாரி புளோரென்டியஸ், பற்றாக்குறையை ஈடுகட்டக் கூடுதல் வரிக்கான ஆணையை நீட்டியபோது, ஜூலியன் அதைப் படிக்கவும் மறுத்துத் தரையில் எறிந்தார். சீர்குலைந்து கிடந்த ஒரு மாகாணத்தைத் தம் நேரடிப் பொறுப்பில் விடும்படி கேட்டு வாங்கி, அங்கே வரி கட்டச் சொல்லி எந்த அலுவலரும் யாரையும் நெருக்கக் கூடாது என்று விதித்தார். மக்கள் கெடு முடியும் முன்பே தாமாக வந்து கட்டினார்கள். இன்னொரு செய்தி இதைவிடக் கூர்மையானது. வரி நிலுவையைத் தள்ளுபடி செய்யும் வழக்கத்துக்கு அவர் இறுதிவரை உடன்படவில்லை. ஏழைகள் ஆண்டின் தொடக்கத்திலேயே கட்டாயமாகக் கட்டி முடித்துவிடுகிறார்கள், நிலுவை வைக்கும் வசதி செல்வர்களுக்கே உண்டு, ஆகவே தள்ளுபடியின் பயன் முழுவதும் அவர்களையே சேரும் என்பது அவர் கண்ட உண்மை. கடன் தள்ளுபடிகளைப் பற்றி இன்று வாதிடுவோரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: அவர் கான்ஸ்டான்டியஸுக்கு எதிராகக் கலகம் செய்துதானே ஆட்சியைப் பிடித்தார்? (வாசகர், மதுரை)

பதில்: ஆம், அது கலகம்தான். 360ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பாரசீகப் போருக்காகக் கௌல் படையின் சிறந்த பிரிவுகளைக் கிழக்கே அனுப்பும்படி கான்ஸ்டான்டியஸ் ஆணையிட்டார். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் போக வேண்டியதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் படையில் சேர்ந்திருந்த வீரர்கள், பாரிஸ் நகரில் ஜூலியனின் இருப்பிடத்தைச் சூழ்ந்துகொண்டு, அவரைக் கேடயத்தின் மேல் ஏற்றித் தூக்கிப் பேரரசர் என்று முழங்கினார்கள். சூட்டுவதற்கு மணிமுடி இல்லை. மனைவியின் அணிகலன் போதுமே என்றார்கள், அது நல்ல நிமித்தமன்று என்று மறுத்தார். குதிரையின் அலங்காரத்தைக் கொண்டுவந்தார்கள், அதையும் மறுத்தார். கடைசியில் மாருஸ் என்ற கொடிவீரன் தன் கழுத்திலிருந்த வளையத்தைக் கழற்றி அவர் தலையில் துணிந்து வைத்தான்.

உள்நாட்டுப் போர் மூளவிருந்த நேரத்தில், 361 நவம்பர் 3ஆம் நாள் கான்ஸ்டான்டியஸ் நோயால் இறந்தார். டிசம்பர் 11ஆம் நாள் ஜூலியன் தலைநகருக்குள் நுழைந்தார்.

அரண்மனைக்கு வந்த புதிதில் முடி வெட்ட ஒரு நாவிதரை அழைத்துவரச் சொன்னார். பகட்டான உடையில் ஒருவர் வந்து நின்றார். "நான் நாவிதரைத்தானே அழைத்தேன், நிதி அதிகாரியை அல்லவே" என்று வியந்து, அவருடைய வருமானத்தை விசாரித்தார். நாள்தோறும் இருபது பேருக்கான உணவுப் படி, அதே அளவில் விலங்குகளுக்கான தீவனம், இவற்றுக்கு மேல் பெரிய ஆண்டுச் சம்பளம் என்று விடை வந்தது. நாவிதர்களும் சமையற்காரர்களும் அவர்களைப் போன்ற மற்றவர்களும் உடனே வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள்.

கேள்வி: ஜூலியன் கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்தினாரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முந்தைய பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தைப் போல நூல்களை எரித்து, பலியிட மறுத்தவர்களைக் கொல்லும் ஆணை எதையும் அவர் பிறப்பிக்கவில்லை. பழைய தெய்வங்களின் கோவில்களைத் திறக்கச் சொன்னார். கான்ஸ்டான்டியஸ் நாடு கடத்தியிருந்த ஆயர்கள் திரும்பிவர அனுமதித்தார். திரும்பி வந்தவர்கள் தமக்குள் பூசலிட்டுத் திருச்சபையைப் பிளப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஆயினும் அவரை முழுமையாக விடுவிக்க இயலாது. அலெக்சாந்திரியாவின் ஆயர் ஜார்ஜைப் பெருங்கூட்டம் அடித்துக் கொன்றபோது, பேரரசர் அந்நகரத்தாருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதியதோடு நின்றுவிட்டார். அடுத்து, இறந்த ஆயரின் நூலகத்தைத் தேடிப் பத்திரமாகத் தமக்கு அனுப்பும்படி அக்கறையோடு எழுதினார். ஒரு கொலைக்கு நீதி வழங்க வேண்டியவர் நூல்களுக்கு அந்த அக்கறையைக் காட்டியதை என்னால் ஏற்க இயலவில்லை.

இதனினும் பெரிய தவறு 362ஆம் ஆண்டின் பள்ளி ஆணை. அந்த ஆண்டு ஜூன் 17ஆம் நாள் வெளியான சட்டம், ஆசிரியர்கள் முதலில் ஒழுக்கத்திலும் பின்னர் சொல்வன்மையிலும் சிறந்தவராக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. ஆனால் தொடர்ந்து வந்த அவருடைய விளக்கக் கடிதம், ஹோமரும் ஹெசியோடும் பாடிய தெய்வங்களை நம்பாதவர்கள் அவர்களுடைய நூல்களைக் கற்பிப்பது நேர்மையன்று என்றும், அத்தகையோர் தம் கோவில்களுக்குச் சென்று மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் விளக்கம் சொல்லட்டும் என்றும் கூறியது. ஏதென்ஸின் புகழ்பெற்ற ஆசிரியர் புரோஹெரேசியஸ் பதவி விலகினார். ரோமில் மாரியுஸ் விக்டோரினுஸும் விலகினார். மாணவர்களுக்குத் தடை இல்லை என்பது உண்மையே. ஆனால் உயர் கல்வியின் வாயில் அந்த நூல்கள் வழியாகவே திறந்தது என்பதால், காலப்போக்கில் ஒரு சமயத்தார் முழுவதுமே அரசுப் பதவிகளிலிருந்தும் வழக்கு மன்றங்களிலிருந்தும் ஒதுக்கப்பட்டிருப்பார்கள். ஜூலியனைப் போற்றியவரும் பழைய தெய்வங்களை வணங்கியவருமான அம்மியானுஸே, இந்த ஆணை என்றென்றும் மௌனத்தில் புதைக்கப்பட வேண்டியது என்று எழுதினார். எதிரணியின் கண்டனத்தைவிட இந்தக் கண்டனத்துக்கு எடை அதிகம்.

கேள்வி: ஜூலியனின் அவைக்கு இலங்கையிலிருந்து தூதர்கள் சென்றார்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 362ஆம் ஆண்டு ஜூலியனிடம் வந்த தூதுக் குழுக்களைப் பட்டியலிடும் அம்மியானுஸ், இந்திய நாட்டினர் தம் பெருமக்களைப் பரிசுகளோடு போட்டியிட்டு அனுப்பினார்கள் என்றும், திவி, செரந்திவி ஆகிய இடங்களிலிருந்தும் வந்தார்கள் என்றும் எழுதுகிறார். செரந்திவி என்பது இலங்கை என்றே அறிஞர்கள் பொதுவாகக் கொள்கின்றனர். தூதர்கள் இன்னார் என்றோ, அனுப்பிய மன்னர் இன்னார் என்றோ அவர் சொல்லவில்லை. பிற்கால ரோமச் செப்புக் காசுகள் இலங்கையிலும், தமிழ்நாட்டில் கரூர், மதுரை போன்ற இடங்களிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், இத்தகைய போக்குவரத்தில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

கேள்வி: மக்கள் நலம் நாடியவரை அந்தியோகியா மக்கள் ஏன் வெறுத்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: சிரியாவின் பெருநகரான அந்தியோகியாவுக்கு 362 ஜூலையில் அவர் வந்தபோது நகரத்தில் தானியத் தட்டுப்பாடு நிலவியது. செல்வர்களோடு பேசிப் பார்த்தார், பயனில்லை. எனவே விலைக்கு வரம்பு விதித்து, அண்டை நகரங்களிலிருந்து 4,00,000 அளவை தானியம் வரவழைத்தார். அது தீர்ந்ததும் தம் சொந்தப் பங்கிலிருந்தும் எகிப்திலிருந்து வந்ததிலிருந்தும் கொடுத்தார். நிலவுடைமையாளர்களோ தம் விளைச்சலை நகரத்துக்குக் கொண்டுவராமல் நாட்டுப்புறத்திலேயே கூடுதல் விலைக்கு விற்றார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் கௌல் நாட்டில் உள்ளூர் நிலவரத்தை ஆண்டுக்கணக்கில் இருந்து கற்றவர், இங்கே வந்த சில மாதங்களில் ஆணையிட்டுத் திருத்த முயன்றார்.

குதிரைப் பந்தயமும் நாடகமும் விரும்பிய நகரம் அது. பேரரசரோ இரண்டையும் வெறுத்து, தத்துவ ஞானிகளைப் போலத் தாடி வளர்த்து, நாள் தவறாமல் எருதுகளைப் பலியிட்டுக்கொண்டிருந்தார். மக்கள் அந்தத் தாடியைப் பாட்டுக்கட்டிப் பழித்தார்கள். வேறொரு பேரரசர் படையை ஏவியிருப்பார். ஜூலியன் தம்மைத் தாமே பழித்துக்கொள்வதுபோல் அவர்களைச் சாடும் ஒரு நூலை எழுதி வெளியிட்டார்.

கேள்வி: "கலிலேயனே, நீ வென்றாய்" என்று சொல்லி இறந்தார் என்பது உண்மையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உண்மையன்று. (கலிலேயன் என்று இங்கே குறிக்கப்படுபவர் இயேசு; கிறித்தவர்களைக் கலிலேயர்கள் என்றே ஜூலியன் அழைத்தார்.) இக்கதையைச் சொல்லும் தெயொதோரேத், ஜூலியன் இறந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஆயர். படையெடுப்பில் உடன் சென்ற அம்மியானுஸிடம் அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

நடந்தது இதுதான். 363 மார்ச் 5ஆம் நாள் அந்தியோகியாவிலிருந்து புறப்பட்ட பெரும்படை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் யூப்ரடீஸில் தொடர்ந்து வர, பாரசீகத் தலைநகரான டெசிபோன் வரை சென்று, மதிலுக்கு வெளியே ஒரு வெற்றியும் பெற்றது. ஆனால் நகரத்தைப் பிடிக்க வழியில்லை என்று கண்டபின், பாலம் அமைக்கப் பன்னிரண்டு சிறு கலங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் எரிக்க ஆணையிட்டார். எதிரோட்டத்தில் கலங்களை இழுத்துச் செல்ல ஆயிரக்கணக்கான வீரர்கள் தேவைப்பட்டிருப்பார்கள் என்பது சரியே. ஆனால் உணவும் அவற்றில்தான் இருந்தது. மன்னர் இரண்டாம் ஷாப்பூரின் ஆட்கள் வழியெங்கும் வயல்களைக் கொளுத்தினார்கள். பின்வாங்கும் வழியில், ஜூன் 26ஆம் நாள், தாக்குதல் செய்தி கேட்டு மார்புக் கவசம் அணியாமலே விரைந்தவரின் விலாவில் ஓர் ஈட்டி பாய்ந்து ஈரல் வரை இறங்கியது. அதைப் பிடுங்க முயன்றபோது இரு பக்கமும் கூரான அலகு அவர் விரல்களை அறுத்தது. அன்றிரவு தத்துவ ஞானிகளான மாக்சிமஸோடும் பிரிஸ்கஸோடும் ஆன்மாவின் மேன்மையைப் பற்றி உரையாடிக்கொண்டே இறந்தார்.

ஈட்டியை எறிந்தவர் யார் என்று அன்றே யாருக்கும் தெரியவில்லை. அடுத்துப் பேரரசரான ஜோவியன், பட்டினி கிடந்த படையை மீட்க, நிசிபிஸ் கோட்டையையும் டைகிரிஸுக்கு அப்பாலிருந்த ஐந்து பகுதிகளையும் பாரசீகத்துக்கு விட்டுக்கொடுத்தார். அவசியமில்லாத இப்போருக்கு ரோம் கொடுத்த விலை அது.

கேள்வி: இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் பழைய மதத்தை மீட்டிருப்பாரா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: மீட்டிருக்க மாட்டார் என்பதே என் கருத்து. அதற்கான சான்றுகளை ஜூலியனே எழுதி வைத்திருக்கிறார். அந்தியோகியாவுக்கு அருகில் தாப்னே என்ற ஊரில் புகழ்பெற்ற அப்பொல்லோ கோவில் இருந்தது. ஆண்டுத் திருவிழாவன்று, வெண்ணிற ஆடை அணிந்த இளைஞர்களையும், நறும்புகையையும், பலி விலங்குகளையும் மனத்தில் கற்பனை செய்தபடி அவர் அங்கு விரைந்தார். கோவிலில் ஒரு பிடி சாம்பிராணிகூட இல்லை. நகரம் எதைப் பலியிடப் போகிறது என்று கேட்டதற்கு, நகரம் எதுவும் தரவில்லை, என் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று பூசாரி விடை சொன்னார். தடையோ தண்டனையோ இல்லாத, பேரரசரே முன்னின்று ஆதரித்த காலத்தில் இது நடந்தது.

கலாத்தியா மாகாணத்தின் தலைமைப் பூசாரி அர்சாகியஸுக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் தெளிவானது. கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்கள், நம்மவர்களுக்கு நம்மிடமிருந்து உதவி கிடைக்கவில்லை என்பது நமக்கு வெட்கம் என்று எழுதி, ஊர்தோறும் வழிப்போக்கர் விடுதிகளை அமைக்கச் சொன்னார். அதற்கென ஆண்டுதோறும் 30,000 அளவை கோதுமையும் 60,000 அளவை திராட்சை மதுவும் ஒதுக்கி, ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குப் பணி செய்யும் ஏழைகளுக்கு, மீதி அந்நியர்க்கும் இரப்போர்க்கும் என்று பகுத்தும் கொடுத்தார். பூசாரிகள் மதுக்கடைக்குப் போகக் கூடாது, நாடகம் பார்க்கக் கூடாது என்ற விதிகளும் அக்கடிதத்தில் உண்டு. தாம் ஒழிக்க விரும்பிய திருச்சபையையே மாதிரியாக வைத்து அவர் தம் மதத்தைக் கட்ட முயன்றார் என்பதை இதில் காணலாம். அந்தத் திருச்சபையின் அறப்பணி தலைமுறை தலைமுறையாக, சிறு சிறு காணிக்கைகளால் வளர்ந்தது. ஜூலியனின் விடுதிகளுக்கான கோதுமையோ அரசின் களஞ்சியத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அடுத்த பேரரசர் கையெழுத்திட மறுத்தால் அது நின்றுவிடும். அவர் முப்பது ஆண்டுகள் ஆண்டிருந்தாலும், அந்த நிறுத்தம் முப்பது ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவே.