மூன்றாவது மாடியும் கண்மாய்க் கரையும்

கேள்வி: பையனின் படிப்புக்காகப் பள்ளத்தூர் வீட்டை மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு, காரைக்குடியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிக்கூடம், டியூஷன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு செல்போன். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். "பிள்ளையை வெயில் படாமல் அடைத்து வைத்தால் இப்படித்தான்" என்கிறார் மாமியார். வெளியே அனுப்பினால் மனசு சரியாகிவிடுமா?
- ஒரு தாய், காரைக்குடி

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி.

எனக்குப் பதிமூன்று வயதில் கோட்டையூரிலிருந்து சென்னைக்குக் குடிபோனோம். ஊரில் எங்கள் வீட்டு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சென்னையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் குழாய் ஒழுகிய பாசிக்கறை. ஒரு வருடம் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் எடுத்ததற்கெல்லாம் சண்டை.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். படித்ததும் என் பாசிக்கறைதான் ஞாபகம் வந்தது. டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை அலசிய இன்னோர் ஆய்வு 2019-ல் சொன்னது: பசுமை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதல். பசுமையை அளந்தது செயற்கைக்கோள் படங்களை வைத்து. நம் பக்கம் அளந்தால் சீமைக் கருவேலமும் பச்சையாகத்தான் தெரியும்! அதனால் மரத்தை மட்டும் மருந்தாக நினைக்காதீர்கள். பள்ளத்தூரில் அவனுக்கு மரம் மட்டுமா இருந்தது? வற்றிய கண்மாயில் கிரிக்கெட், கூட்டாளிகள், எந்தப் பெரியவரும் எட்டிப் பார்க்காத இரண்டு மணி நேரம். அதுவும்தான் போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் அவனைத் தனியாக பஸ் ஏற்றி அப்பத்தாவிடம் அனுப்புங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் அவனே வெளியே கிளம்புவான். டியூஷன் போய்விடுமே என்பீர்கள். போகட்டும். திரும்பி வந்ததும் "என்ன செய்தாய்" என்று துருவாதீர்கள்.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, கூட்டாளிகளையும் ஒதுக்கி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் கண்மாய்க் கரையை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்பதுபோல ஒரு சொல் வந்தாலோ, அன்றைக்கே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம் ஒரு வார்த்தை: "நான் அப்பவே சொன்னேனே" என்று பையன் காதுபடச் சொல்ல வேண்டாம்.