புது லோடு பிக்கப்: எடை, விலை, கடன் – வாசகர் கேள்விகள்

கே: ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குத் தக்காளி அனுப்புகிறேன். ஒரு நடைக்கு 60 கிரேட். 1.7 டன் வண்டி போதும் என்கிறார் ஷோரூம்காரர். சரியா?

போதாது. கிரேட்டுக்கு 25 கிலோ சரக்கு, காலிப் பெட்டி 2 கிலோ என்று வைத்தால் 60 கிரேட் 1,620 கிலோ. ஓட்டுநரும் கிளீனரும் சேர்ந்து 140 கிலோ. பின்னால் அடிக்கும் இரும்புக் கூண்டு 100 கிலோவுக்குக் குறையாது. தார்ப்பாய், கயிறு 20 கிலோ. ஆக 1,880 கிலோ. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பேலோடு' (ஏற்றக்கூடிய பாரம்) என்பது கூண்டு அடிக்காத கம்பெனி பாடிக்கான கணக்கு. ஆகவே அந்த எண்ணை விட்டுவிடுங்கள். மொத்த எடையிலிருந்து (சரக்கும் ஆளும் சேர்த்து வண்டிக்கு அனுமதித்த எடை) வண்டியின் வெற்று எடையைக் கழியுங்கள். மீதி வரும் எடைக்குள் ஆள், கூண்டு, சரக்கு எல்லாம் அடங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 2 டன் வகைதான் பொருத்தம். பொலிரோ மேக்ஸ் பிக்கப் ஹெச்.டி. 2.0, டாடா யோதா 2.0 போன்றவை அந்த வகை. இல்லையென்றால் நடைக்கு 50 கிரேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அப்போது 1.7 டன் வண்டியே தாங்கும். 'யோதா', 'மேக்ஸ்' என்ற ஒரே பெயரில் பல எடை வகைகள் விற்பனையில் உள்ளன. கொட்டேஷனில் வேரியன்ட்டின் முழுப் பெயரும் மொத்த எடையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுக் கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவிலேயேதான் இருக்கும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது இப்படிப்பட்ட வண்டிகளில்தான். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எடையும் ஒரு கிலோகூட ஏறாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிச்சச் சரக்கை இறக்கிய பிறகே வண்டியை விடுவார்கள். தக்காளியை நடுவழியில் இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கோடும் இருக்கிறது: 3,000 கிலோ. மொத்த எடை இதைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. சில வண்டிகளின் மொத்த எடை 2,990 கிலோவில் நிற்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் வாங்கப்போகும் 2 டன் வண்டி இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மாநிலம் தாண்டி ஓட்டுவதால் நேஷனல் பெர்மிட்டுக்கான செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோ வரை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

கே: எந்த ஆப்ஷனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்?

முதலில் பவர் ஸ்டியரிங். லோடு வண்டியை நாள் முழுக்கத் திருப்பும் தோளுக்கு அது அவசியம். ஏ.சி.யை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பகலில் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அது களைப்பைக் குறைக்கும்.

பாடி நீளத்தைச் சரக்கு தீர்மானிக்கட்டும். மெத்தை, நாற்காலி, காலி கிரேட் என்று இடம் அடைக்கும் சரக்குக்கு 10 அடி. சிமென்ட், கம்பி, டைல்ஸ் என்றால் குட்டையான பாடியே நல்லது. நீளமான பாடியில் கனமான சரக்கைக் கடைசியில் அடுக்கினால் பாரம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் விழுந்து முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

சி.என்.ஜி. வண்டி, பங்க் அருகில் இருக்கும் ஊர் ஓட்டத்துக்கு நன்றாக இருக்கும். மலையேறும் தொழிலுக்கு டீசலே மேல். டீசல் பி.எஸ்.6 வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் அந்தக் கரி எரிய வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல் வண்டிக் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

கே: 'ஆன்ரோடு விலையில் 50,000 குறைக்கிறோம்' என்கிறார்கள். எப்படிப் பேரம் பேசுவது?

மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். ஒரு கணக்கில் குறைப்பதை இன்னொரு கணக்கில் ஏற்றிவிடுவார்கள். ஷோரூம் விலை, காப்பீடு, சாலை வரியும் பதிவுக் கட்டணமும், ஃபாஸ்டேக், நீட்டித்த வாரண்டி, உதிரி அலங்காரம் என்று தனித்தனியாகப் பிரித்த கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். அதே வேரியன்ட்டுக்குப் பக்கத்து மாவட்ட டீலரிடம் இன்னொன்று வாங்குங்கள். இரண்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பேசுங்கள்.

அரசுக்குப் போகும் பணத்தில் தள்ளுபடி கிடையாது. ஆனால் அதற்கு ரசீது உண்டு. 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'ஆர்.டி.ஓ. செலவு' என்று ரசீது இல்லாமல் நிற்கும் தொகையை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

அதிகம் மிச்சமாகும் இடம் காப்பீடு. டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் நபர் பிரீமியம் எங்கும் ஒன்றுதான். சொந்தச் சேதப் பகுதியில்தான் வித்தியாசம் வரும். விலை குறைகிறதே என்று ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத சரக்கு வண்டி பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் சேதத்துக்குப் பணம் வராது. வண்டி மொத்தமாக அழிந்தால்தான் வரும். சின்ன விபத்தில் முதலில் அடிபடுவது இவைதானே? ஓட்டுநருக்கும் கிளீனருக்குமான பொறுப்புக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கான தொகை மிகச் சிறியது.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், புது வண்டி விலை முடிவான பிறகே அந்தப் பேச்சை எடுங்கள். 'இலவச' சீட் கவர், மேட் வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொகையைப் பில்லில் குறைக்கச் சொல்லுங்கள். தள்ளுபடி பில்லிலேயே தெரிய வேண்டும். 'அப்புறம் கையில் தருகிறோம்' என்பது வேண்டாம்.

சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, வரி உள்ள தொழில் செய்பவர் என்றால் இந்த வரியை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்கலாம். பில்லில் உங்கள் எண் இருக்க வேண்டும். அப்படி எடுத்த வரித் தொகைக்கு, வண்டி பழசாவதற்காக வருமானத்தில் கழிக்கும் தேய்மானத்தைக் கோர முடியாது. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்குத் திரும்ப வரும் பணம், செலவு அல்ல.

கே: கடனுக்கு '7 சதவீதம்தான் வட்டி' என்கிறார்கள்.

ஃப்ளாட் வட்டியா (கடைசி வரை முழு அசலுக்கும் போடுவது), குறையும் இருப்புக்கான வட்டியா (மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் போடுவது) என்று கேளுங்கள். 8 லட்சம் கடன், 4 வருடம், ஃப்ளாட் 7 சதவீதம் என்றால் வட்டி 2,24,000. மாதத் தவணை சுமார் 21,333. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருவதால் இதன் உண்மை வட்டி ஏறக்குறைய 12.7 சதவீதம். வங்கியில் 11 சதவீதம் என்று கேட்டுப் பயந்து திரும்பியவர்கள் இந்த 7 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் 'கே.எஃப்.எஸ்.' என்ற முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, செயலாக்கக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு அதில் 'ஏ.பி.ஆர்.' என்ற வரியில் இருக்கும். முன்கூட்டியே கடனை முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் அதிலேயே பாருங்கள்.

கே: ஆடி மாதம் வாங்குவதா, ஆயுத பூஜைக்கா?

பணம்தான் முக்கியம் என்றால் ஆடியில் வாங்குங்கள். கூட்டம் குறைவு, டீலருக்கோ மாத இலக்கு இருக்கிறது. கடைசி வாரத்தில் பேச்சு எளிதாகப் படியும். ஆயுத பூஜைக்கு வரிசையில் நிற்பவருக்கு யாரும் குறைத்துத் தர மாட்டார்கள். தொழில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய வண்டிக்குப் பாதித் தேய்மானம்தான். அக்டோபர் முதல் இரண்டு நாளுக்குள் ஓடத் தொடங்கினால் முழுதும் கிடைக்கும்.

ஜனவரியில் போன வருட வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஃபாரம் 21 விற்பனைச் சான்றில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஆர்.சி.யிலும் அதுவே ஏறும். பிறகு விற்கும்போது விலை அதை வைத்துத்தான் பேசப்படும். அந்த நஷ்டத்துக்கு ஈடாக இப்போதே விலை குறைத்தால் மட்டும் எடுங்கள். டெலிவரி நாளில் சேசிஸ் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுவிட்டு, டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னி டயரிலும் அதைப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.